உறைபனிக் காலத்தில் வீட்டுக் காய்கறித் தோட்டம்: மலை விவசாயிகளுக்கு உயிராற்றல் முறை

நீலகிரி, கொடைக்கானல் மலைகளில் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வானம் தெளிந்ததும் முதலில் நீர்ப்பனி விழும். அதன்பின் உறைபனி வரும். மார்கழி, தை மாதங்களில் பள்ளத்தாக்குத் தோட்டங்கள் விடியற்காலையில் சுண்ணாம்பு தெளித்தாற்போல் வெண்மையாகக் கிடக்கும். வெயில் ஏறியதும் உருளைக்கிழங்குச் செடியும் பீன்ஸ் கொடியும் வெந்நீர் ஊற்றியதுபோல் கருகித் தொங்கும். ஐந்து அல்லது பத்து சென்ட் நிலத்தில் வீட்டுக்கும் சந்தைக்கும் காய்கறி போடும் சிறு விவசாயிக்கு இந்த ஓர் இரவு நஷ்டம் பெரிய நஷ்டம். விதைக்கும் எருவுக்கும் வாங்கிய கடன் அப்படியே நிற்கும்.

குளிர்காலம் முழுவதும் தோட்டத்தைச் சும்மா போட்டுவிட வேண்டியதில்லை. பயிரைத் தெரிந்து போட்டு, மண்ணைத் தயார் செய்து, வருகிற வருஷத்துக்கு வேண்டிய எருவையும் உண்டாக்கிக் கொள்ள இதுவே ஏற்ற பருவம். பயோடைனமிக் எனப்படும் உயிராற்றல் வேளாண்மையில் குளிர்காலத்துக்குத் தனி இடம் உண்டு. அம்முறையின் வேலைகளையும், அவற்றில் எதை எந்த அளவு நம்பலாம் என்பதையும் இங்கே பார்ப்போம்.

முறை பிறந்த வரலாறு

ஆஸ்திரிய அறிஞர் ருடால்ஃப் ஸ்டெய்னர் 1924ஆம் ஆண்டு ஜூன் மாதம் கோபர்விட்ஸ் என்னும் ஊரில் விவசாயிகளுக்கு எட்டுச் சொற்பொழிவுகள் செய்தார். அன்று ஜெர்மனியில் இருந்த அவ்வூர் இன்று போலந்து நாட்டில் உள்ளது. ரசாயன உரம் வந்தபின் விதையின் வீரியமும் மண்ணின் வளமும் குன்றுகின்றன என்று கவலைப்பட்ட பண்ணைக்காரர்கள் கேட்டுக்கொண்டதால் நடந்த சொற்பொழிவுகள் அவை. பண்ணையை ஒரு முழு உயிராகக் கருத வேண்டும், மாடும் மண்ணும் பயிரும் ஒன்றையொன்று தாங்கி நிற்க வேண்டும், வெளியிலிருந்து வாங்கும் பொருள் குறைய வேண்டும் என்பது அதன் சாரம்.

இந்தியாவில் இம்முறை 1990களில் பரவத் தொடங்கியது. நியூஸிலாந்து நாட்டைச் சேர்ந்த பீட்டர் ப்ராக்டர் பலமுறை இங்கு வந்து விவசாயிகளுக்குப் பயிற்சி கொடுத்தார். கொடைக்கானல் மலைப்பகுதியிலும் இம்முறை வேரூன்றியது.

உறைபனி எப்படி வருகிறது?

பகலில் வெயிலைக் குடித்த மண், இரவில் அந்த வெப்பத்தை வானத்துக்கு வெளியே விடுகிறது. மேகம் இருந்தால் அது போர்வை போல வெப்பத்தைத் தடுத்து நிறுத்தும். காற்று வீசினால் மேலேயுள்ள சூடான காற்றும் கீழேயுள்ள குளிர்ந்த காற்றும் கலந்துவிடும். மேகமும் இல்லை, காற்றும் இல்லை என்றால் தரையை ஒட்டிய காற்று மிகவும் குளிர்ந்து, இலைமேல் உள்ள ஈரம் பனிக்கட்டியாக உறைகிறது. ஆகவே மாலையில் வானம் கண்ணாடி போல் தெளிந்து, இலை அசையாமல் இருந்தால் அன்று இரவு எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

குளிர்ந்த காற்று கனமானது. அது தண்ணீரைப் போல மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடித் தேங்கும். சரிவில் உள்ள தோட்டம் தப்பி, ஓடையோரத் தோட்டம் கருகுவதற்கு இதுவே காரணம். தோட்டத்தின் கீழ்ப்பக்கம் அடர்த்தியான வேலி இருந்தால் குளிர்காற்று அணை கட்டினாற்போல் உள்ளேயே தங்கிவிடும். கீழ் வேலியில் அங்கங்கே திறப்பு விட்டால் அது வடிந்து போகும். மேல்பக்க வேலி அடர்த்தியாக இருப்பது நல்லது. மேலேயிருந்து வரும் குளிர்காற்றை அது திருப்பிவிடும்.

வானொலியிலும் பத்திரிகையிலும் சொல்லும் வெப்பநிலை, தரையிலிருந்து ஆளுயரத்தில் நிழல் கூண்டுக்குள் அளந்தது. அங்கே 3 டிகிரி இருக்கும்போதே பாத்தி மட்டத்தில் உறைபனி விழக்கூடும். விலை குறைந்த வெப்பமானி ஒன்றைப் பாத்தி உயரத்தில் குச்சி நட்டுக் கட்டி வைத்தால் உண்மை நிலை தெரியும்.

எந்தப் பயிர் தாங்கும், எது தாங்காது?

உருளைக்கிழங்கு, பீன்ஸ், தக்காளி, மேரக்காய், பூசணி வகைகள் உறைபனியைத் தாங்கா. சுழியத்துக்கு ஒன்றிரண்டு டிகிரி கீழே போனாலே இலையிலுள்ள நீர் உறைந்து திசு சிதைந்துவிடும்.

கேரட், பீட்ரூட், முள்ளங்கி, டர்னிப், நூக்கல், முட்டைக்கோசு, பூண்டு, லீக்ஸ் ஆகியவை நன்கு தாங்கும். பட்டாணிச் செடி இளம் பருவத்தில் தாங்கும். ஆனால் பூவும் பிஞ்சும் பனியில் கெடும். ஆகவே கடும்பனி நாட்களில் பூக்கும்படி பட்டாணி விதைக்கக் கூடாது.

பனிக்காலத்துக் கேரட்டும் கோசும் இனிப்பாக இருப்பதைப் பலர் கவனித்திருப்பார்கள். குளிர் வந்ததும் இப்பயிர்கள் தம்மிடமுள்ள மாவுச்சத்தில் ஒரு பகுதியைச் சர்க்கரையாக மாற்றுகின்றன. சர்க்கரை கலந்த நீர் எளிதில் உறையாது. பயிர் தன்னைக் காத்துக்கொள்ளச் செய்யும் வேலை, உண்பவருக்கு ருசியாகிறது.

மேட்டுப்பாங்கான பாத்திகளில் மென்மையான பயிர்களையும், பள்ளத்துப் பாத்திகளில் தாங்கும் பயிர்களையும் போடுவது இடமறிந்த ஏற்பாடு. இதற்குக் காசு செலவில்லை.

மூடாக்கு: ஒரு முக்கியக் குறிப்பு

மண்ணை மூடாமல் வைக்கக் கூடாது என்பது இயற்கை விவசாயத்தின் பொது விதி. காய்ந்த புல், சருகு, பயிர்க்கழிவு ஆகியவற்றை நான்கு அங்குல கனத்துக்குப் பரப்பினால் ஈரம் காக்கும், களை குறையும், மண்புழு பெருகும். பனிக்காலத்தில் மட்டும் இதில் ஒரு வேறுபாடு உண்டு. மூடாக்கு பகலில் வெயில் மண்ணுக்குள் இறங்காமல் தடுக்கிறது. இரவில் மண்ணின் சூடு மேலே வராமலும் தடுக்கிறது. அதனால் மூடாக்குக்கு மேலே நிற்கும் இளஞ்செடிக்குப் பனி அதிகமாகவே தாக்கும்.

கேரட், பீட்ரூட், பூண்டுப் பாத்திகளில் மூடாக்கை அப்படியே விடலாம். கிழங்கு மண்ணுக்குள் பத்திரமாக இருக்கும். மென்மையான பயிர் நிற்கும் பாத்திகளில், பனி எதிர்பார்க்கும் நாட்களில் மூடாக்கை ஒதுக்கி வைத்து, காலையிலேயே நீர் பாய்ச்ச வேண்டும். ஈர மண் காய்ந்த மண்ணைவிட அதிக வெப்பத்தைச் சேமித்து, இரவில் மெள்ள மெள்ள விடும். இந்நாட்களில் பாத்தியைக் கொத்திப் பொலபொலப்பாக்கவும் கூடாது. காற்று நிறைந்த மண் சூட்டைத் தாங்கி வைக்காது.

இரவில் மூடுவது

நாற்றங்காலையும் இளஞ்செடிகளையும் பழைய சாக்கு, துணி, காய்ந்த புல், தென்னங்கீற்று ஆகியவற்றால் மாலையிலேயே மூட வேண்டும். மூடி தரையைத் தொட வேண்டும். அப்போதுதான் மண்ணின் சூடு உள்ளே நிற்கும். குச்சிகளை வளைத்து நட்டு அதன்மேல் துணி போட்டால் இலையில் படாது. பிளாஸ்டிக் தாள் இலையைத் தொட்டால் தொட்ட இடம் கருகும். காலையில் வெயில் வந்து பனி உருகியபின் மூடியை எடுத்துவிட வேண்டும். எடுக்காவிட்டால் புழுக்கத்தில் நாற்று அழுகும்.

தெளிப்பான் கருவி உள்ளவர்கள் விடியற்காலையில் நீர் தெளிக்கிறார்கள். நீர் உறையும்போது வெளிவிடும் வெப்பம் இலையைக் காக்கிறது. ஆனால் தொடங்கினால், வெயில் வந்து பனி முழுவதும் உருகும் வரை நிறுத்தக் கூடாது. பாதியில் நிறுத்தினால் தெளிக்காத தோட்டத்தைவிட அதிகச் சேதம் ஆகும். தண்ணீர் போதாதவர்கள் இதில் இறங்காமல் இருப்பதே மேல். சருகைக் கொளுத்திப் புகை போடுவதால் கிடைக்கும் பலன் மிகக் குறைவு. அந்தச் சருகு எருக்குழிக்குப் போனால் முழுப் பலன் உண்டு.

கொம்பு சாண உரம்

உயிராற்றல் முறையின் முதல் தயாரிப்பு இதுவே. 500 என்ற எண்ணால் குறிப்பிடப்படும். கன்று ஈன்ற பசுவின் கொம்பில், பசும்புல் தின்னும் கறவைப் பசுவின் புதுச் சாணத்தை அடைத்து, குளிர்காலம் முழுவதும் மண்ணில் புதைத்து வைப்பதே செய்முறை. நம் நாட்டில் புரட்டாசி, ஐப்பசியில் புதைத்து மாசி, பங்குனியில் எடுப்பது வழக்கம்.

குழி ஒன்று முதல் ஒன்றரை அடி ஆழம் போதும். நீர் தேங்காத, மரவேர் இல்லாத நல்ல மண்ணாக இருக்க வேண்டும். மழைநீர் உள்ளே இறங்காதபடி கொம்பின் வாய் கீழ்நோக்கி இருக்க வேண்டும். நாய் தோண்டாமல் இருக்க மேலே கல் பரப்பலாம். எடுக்கும்போது சாணம் கருமையாக, காட்டு மண் வாசனையோடு இருந்தால் பக்குவம் சரி. பச்சை நிறமும் சாண நாற்றமும் இருந்தால் இன்னும் சில வாரம் விட வேண்டும். எடுத்த உரத்தை மண்சட்டியில் போட்டு, குளிர்ந்த நிழலில் ஈரம் காயாமல் வைக்கலாம்.

ஏக்கருக்கு 25 கிராம் உரத்தை ஏறத்தாழ 13 லிட்டர் நீரில் கரைக்க வேண்டும். ஒரு திசையில் சுழி விழும்வரை கலக்கி, பிறகு எதிர்த்திசையில் கலக்கி, இவ்வாறு மாற்றி மாற்றி ஒரு மணி நேரம் கலக்குவது விதி. மாலை வேளையில், ஈரமுள்ள மண்மீது, பெரிய துளிகளாகத் துடைப்பத்தாலோ இலைக்கொத்தாலோ அன்றே தெளித்துவிட வேண்டும். காய்ந்த மண்ணில் தெளிப்பதில் பயனில்லை.

ஐந்து சென்ட் தோட்டத்துக்குத் தேவை ஒரு கிராமுக்குச் சற்று மேல்தான். ஆகவே ஒருவர் தனியாகச் செய்வதைவிட, ஊரில் இருபது குடும்பம் சேர்ந்து ஒரு வாளி கலக்கினால் அத்தனை பேரின் ஐந்து சென்ட் தோட்டத்துக்கும் போதும்.

சாண மூட்டக் குழி

மூன்றடி நீளம், இரண்டடி அகலம், ஓரடி ஆழத்தில் குழி எடுத்து, பக்கங்களில் செங்கல் அடுக்க வேண்டும். அடியில் செங்கல் வேண்டாம். 60 கிலோ புதுச் சாணத்துடன் கால் கிலோ முட்டை ஓட்டுத் தூள், கால் கிலோ பாறைத் தூள் சேர்த்துப் பிசைந்து குழியில் நிரப்ப வேண்டும். 502 முதல் 507 வரையுள்ள மூலிகைத் தயாரிப்புகளை அதில் சிறு துளைகளிட்டு வைத்து, ஈரச் சாக்கால் மூட வேண்டும். வெயிலும் மழையும் நேரே படாமல் மேலே ஒரு கொட்டகை வேண்டும். மாதம் ஒருமுறை கிளறிவிட்டால் மூன்று, நான்கு மாதத்தில் வாசனையற்ற எருவாகும். குளிர் அதிகமான இடத்தில் இன்னும் சில வாரம் கூடலாம். ஏக்கருக்கு ஒரு கிலோவை 40 லிட்டர் நீரில் கரைத்துத் தெளிப்பது வழக்கம். ஐந்து சென்ட்டுக்கு 50 கிராமும் இரண்டு லிட்டர் நீரும் போதும்.

மூலிகைத் தயாரிப்புகளுக்கு யாரோ, கெமோமில், செந்தட்டி, ஓக் மரப்பட்டை, டான்டிலியன், வலேரியன் ஆகியவை பயன்படுகின்றன. இவற்றில் யாரோ பூவை ஆண்மானின் சிறுநீர்ப்பையில் அடைப்பது ஐரோப்பிய வழக்கம். நம் நாட்டில் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி மானை வேட்டையாடுவது குற்றம். ஆகவே இதை விவசாயிகள் தாமே செய்ய முற்படக் கூடாது.

எருக்குவியல்

குளிர்காலத்தில் எருக்குவியல் சிறியதாக இருந்தால் சூடேறாது. ஐந்தடி அகலமும் நாலடி உயரமும் இருந்தால்தான் உள்ளே சூடு நிற்கும். காய்ந்த சருகு, பசுந்தழை, சாணம் என மாறி மாறி அடுக்கி, பிழிந்த துணி அளவுக்கு ஈரம் வைத்து, மேலே புல்லும் மண்ணும் போர்த்த வேண்டும். ஒரு வாரம் கழித்து இரும்புக் கம்பியை நடுவில் செருகி, கால் மணி நேரம் பொறுத்து எடுத்துத் தொட்டால், கை பொறுக்காத சூடு இருக்க வேண்டும். சூடு இல்லையென்றால் சாணமோ ஈரமோ குறைவு என்று பொருள். நாறினால் ஈரம் அதிகம். பிரித்து, காய்ந்த சருகு சேர்த்து மறுபடி அடுக்க வேண்டும்.

காலியாகும் பாத்திகளில் லூப்பின், ஓட்ஸ் போன்றவற்றை விதைத்து, பூக்கும்போது மடக்கி உழலாம். கடுகும் நல்ல பசுந்தாள்தான். ஆனால் அது கோசு குடும்பத்தைச் சேர்ந்தது. வேர் வீங்கும் கிளப் ரூட் நோய் கண்ட நிலத்தில் கடுகு விதைத்தால் நோயும் தங்கிவிடும். உருளைக்கிழங்கைத் தாக்கும் முட்டைக்கூட்டு நூற்புழு நீலகிரியில் 1961இல் கண்டறியப்பட்டது. ஒரே பாத்தியில் வருஷந்தோறும் உருளைக்கிழங்கு போடாமல் கேரட், பூண்டு, பட்டாணி, கோசு எனப் பயிர் மாற்றுவதும் தோட்டப் பாதுகாப்பே.

நாள் பார்த்து விதைப்பது

ஜெர்மனியைச் சேர்ந்த மரியா துன் என்ற அம்மையார் 1963 முதல் விதைப்புப் பஞ்சாங்கம் வெளியிட்டு வந்தார். சந்திரன் ரிஷபம், கன்னி, மகரத்தில் நிற்கும் நாள் கிழங்குக்கும், கடகம், விருச்சிகம், மீனத்தில் நிற்கும் நாள் கீரைக்கும், மிதுனம், துலாம், கும்பம் பூவுக்கும், மேஷம், சிம்மம், தனுசு காய்கனிக்கும் உரியவை என்பது அவர் கணக்கு. நம் நாட்காட்டியில் வரும் மேல்நோக்கு நாள், கீழ்நோக்கு நாள் என்பது நட்சத்திரத்தை வைத்துச் சொல்வது. இரண்டும் வேறு. ஒன்றோடொன்று குழப்பிக்கொள்ளக் கூடாது.

நாள் நல்லது என்பதற்காக உறைபனி இரவுக்கு முன்னால் பீன்ஸ் நாற்று நட்டால் எந்தச் சந்திரனும் காப்பாற்றாது. ஈரமும் தட்பவெப்பமும் ஒத்து வரும்போது விதைப்பதே முதல் விதி.

எவ்வளவு நம்பலாம்?

சுவிட்சர்லாந்தில் தெர்வில் என்ற ஊரில் 1978 முதல் உயிராற்றல் முறை, இயற்கை முறை, ரசாயன முறை ஆகியவற்றைப் பக்கம் பக்கமாகப் பயிரிட்டு ஒப்பிட்டு வருகிறார்கள். முதல் 21 ஆண்டு முடிவுகள் 2002இல் வெளியாயின. ரசாயனம் தவிர்த்த நிலங்களில் விளைச்சல் சராசரி 20 சதம் குறைந்தது. உரச் சத்து இடுவது 34 முதல் 53 சதம் வரை குறைந்தது. மண்ணில் நுண்ணுயிர்களும் மண்புழுவும் பெருகின.

இந்தப் பலன் தொழு உரம், பயிர்ச் சுழற்சி, பசுந்தாள் ஆகியவற்றால் வந்ததா, கொம்பு உரம் போன்ற சிறு அளவுத் தயாரிப்புகளால் வந்ததா என்பது வேறு கேள்வி. அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்தில் நடந்து 2000இல் வெளியான ஆய்வில், மூலிகைத் தயாரிப்பு இட்ட எருக்குவியல் சற்றுக் கூடுதலாகச் சூடேறியது. ஆனால் அந்த எருவை நிலத்தில் இட்டபோது, தயாரிப்பு இடாத எருவோடு ஒப்பிட மண்ணின் உயிர்களில் தெளிவான வேறுபாடு காணவில்லை. நாள் பார்த்து விதைப்பதற்கும் உறுதியான சான்று இல்லை. வலேரியன் சாறு தெளித்தால் பனி தாக்காது என்று சிலர் கூறுவதை நம்பி, சாக்கு போட்டு மூடாமல் இருந்துவிடக் கூடாது.

எனவே கைச்செலவு செய்து வெளியிலிருந்து தயாரிப்புகள் வாங்குமுன், எரு, மூடாக்கு, பயிர் மாற்றம் ஆகியவற்றை முதலில் சரி செய்துகொள்வதே புத்திசாலித்தனம். ரசாயன உரத்தை ஒரேயடியாக நிறுத்தினால் முதல் வருஷங்களில் விளைச்சல் குறையலாம். சந்தைப் பயிரை நம்பியிருப்பவர்கள் வீட்டுத் தோட்டத்தில் தொடங்கிப் படிப்படியாக விரிவுபடுத்தலாம்.

மாதவாரி வேலைகள்

ஐப்பசி: கொம்பு புதைத்தல். வடிகால் சீர் செய்தல். பூண்டு, கேரட், பீட்ரூட் பாத்திகளில் மழையால் மண் அரிக்காதபடி மூடாக்கு.

கார்த்திகை: எருக்குவியல் அடுக்குதல். சாண மூட்டக் குழி நிரப்புதல். கீழ் வேலியில் காற்றுத் திறப்பு. சாக்கு, குச்சி, புல் சேகரித்து வைத்தல்.

மார்கழி, தை: தெளிந்த இரவுகளில் நாற்று மூடுதல். மென்பயிர்ப் பாத்திகளில் காலை நீர்ப்பாய்ச்சல். உறைந்த செடிமேல் நடக்காமலும் தொடாமலும் இருத்தல். வீட்டுக்கு வேண்டிய கேரட்டை அவ்வப்போது பிடுங்கிக் கொள்ளலாம். மற்றவை மண்ணிலேயே நிற்கட்டும்.

மாசி: கொம்பு எடுத்தல். நீர் பாய்ச்சிய பாத்தியில் மாலையில் தெளித்தல். பசுந்தாள் மடக்குதல். கடும்பனி விலகியதை வெப்பமானியில் பார்த்தபின் பீன்ஸ், உருளைக்கிழங்கு நடவு.

புதிதாக முயல்வோர் தோட்டத்தை இரண்டாகப் பிரித்து, ஒரே விதை, ஒரே எரு, ஒரே நீர் கொடுத்து, ஒரு பாதியில் மட்டும் கொம்பு உரம் தெளித்துப் பார்க்கலாம். இரண்டு பக்கத்து விளைச்சலையும் தனித்தனியே எடை போட்டு ஒரு நோட்டில் எழுத வேண்டும். மூன்று பருவம் இப்படிச் செய்தால், அந்த மண்ணில் அது பலன் தருகிறதா என்பதற்குச் சொந்தத் தராசே பதில் சொல்லிவிடும்.